வெள்ளத்தாய் கொடுத்த முதல் தீர்த்தம்

ராஜபாளையத்தில் செட்டியார்பட்டிக்குப் போகும் சாலையை விட்டு இறங்கினால் ஒரு தெரு வரும். எண்பதுகளின் நடுவில் அந்தத் தெருவில் சில வரிசை வீடுகளும் ஒரு கிணறும் ஒரு பாதாளக் கரண்டியும் இருந்தன. வீடுகள் அவரவர்க்குச் சொந்தம். கிணறு எல்லோருக்கும் சொந்தம். பாதாளக் கரண்டி வெள்ளத்தாய்க்குச் சொந்தம். அதனால் வார்டு கவுன்சிலருக்குக் கிடைக்காத மரியாதை அவளுக்குக் கிடைத்தது. கவுன்சிலர் கைக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. வெள்ளத்தாயிடம் சொன்னால் கிணற்றுக்குள் போனதுகூடத் திரும்பி வரும்.

பாதாளக் கரண்டி என்பது ஓர் இரும்பு வளையம், அதில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் கொக்கிகள், அவ்வளவுதான். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால், அறுந்து விழுந்த வாளியோ குடமோ ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டும். அதை இரவல் கேட்பவர்கள் ஒரு பித்தளைப் பாத்திரத்தை வெள்ளத்தாய் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இது ஊர் வழக்கம். வெள்ளத்தாய்க்கென்று ஒரு தனி வழக்கமும் உண்டு. கரண்டி இறங்கும்போது அவளும் கிணற்றடியில் நிற்பாள்.

"தேடுனது வந்தா எடுத்துக்கோ. தேடாதது வந்தா பார்க்காம உள்ள போட்டுரு" என்பாள்.

தேடாதவை நிறைய வந்தன. முடிச்சுப் போட்ட கருப்புத் துணி ஒருமுறை வந்தது. கழற்றி எறியப்பட்ட தாலி ஒருமுறை வந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததைக் கிணற்றிலேயே திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். புருசன் மில் வேலையிலேயே செத்துப்போன பிறகு, வீடுகளுக்கும் டீக்கடைக்கும் தண்ணீர் சுமந்து மகளை வளர்த்தவள். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவளைத்தான் நாலு வீட்டு அடுப்படிக்குள் விடுவார்கள்.

ஒரு சித்திரை மாதம், உச்சிப் பொழுதில், யாரோ தவறவிட்ட செம்புக்காகக் கரண்டியை இறக்கினாள். செம்பு வரவில்லை. ஒரு கெண்டை மீன் வந்தது. செத்த மீன்தான். ஆனால் அழுகவில்லை, நாறவில்லை. தலை முதல் வால் வரை சலவை செய்த வேட்டிபோல் வெளுத்திருந்தது. கண்ணும் வெள்ளை.

பக்கத்தில் நின்ற பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். வெள்ளத்தாய் வழக்கப்படி பார்வையைத் திருப்பிக்கொண்டு மீனை உள்ளே போட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான். வழக்கப்படி செய்ததால் யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கிணற்றில் தவளைச் சத்தம் நின்றது. பாசி உதிர்ந்தது. சுவரில் வேர்விட்டு வளர்ந்திருந்த அரசங்கன்று காய்ந்து விழுந்தது. தண்ணீர் தெளியத் தொடங்கியது. சாதாரணத் தெளிவு இல்லை அது. அந்தத் தெருவில் பிறந்து அங்கேயே கிழவர்களானவர்கள்கூட அந்தக் கிணற்றின் அடித்தரையைப் பார்த்ததில்லை. இப்போது உச்சி வெயில் நேராக இறங்கும் நேரத்தில் எட்டிப் பார்த்தால் அடித்தரை தெரிந்தது. அங்கே, தலைமுறை தலைமுறையாய்க் கைதவறி விழுந்த குடங்களும் செம்புகளும் கும்பாக்களும் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடந்தன. களிம்பில்லை, கறையில்லை. எல்லாம் தங்கம்போல் மின்னின. காற்றே இல்லாத வேளையிலும் அவை மெல்ல அசைவதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்த பெண்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

இறக்கிய குடங்களும் அப்படியே பளபளத்து மேலே வந்தன. புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம். தேய்க்கிற வேலை மிச்சம்.

"இது மனுச வேலையா?" என்றாள் இசக்கியம்மாள், எதிர்வீட்டுக்காரி. "ஆத்தா வந்து உக்காந்துட்டா."

அந்த நேரத்தில் வெள்ளத்தாய்க்கு உடம்பு ஆடியது. கிணற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவள் கையை உயர்த்தி, "நான் பொன்குடத்தா வந்திருக்கேன்" என்றாள். அது அருளா, வெயிலில் வெறும் வயிற்றோடு நின்ற மயக்கமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

சாமி வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. மஞ்சள் துணி வந்தது, உண்டியல் வந்தது, குழாய் ரேடியோ வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா படையலுக்கு வந்தது. டவுன் பஸ் கண்டக்டர், "பொன்குடத்தம்மன் ஸ்டாப்பு எறங்கு" என்று புதிதாய் ஒரு நிறுத்தத்தையே பிரசவித்தார். தெருவுக்கு மேற்கே மருத்துவமனைக் கட்டுத் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்த ராஜரத்தினம், கிணற்றுக்குச் சலவைக்கல் பதித்துக் கொடுத்தார். கல்லில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னார். உபயகாரர் பெயர் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அந்த ஜில்லாவிலேயே அவராகத்தான் இருக்கும். ஊர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது.

வெள்ளத்தாய் தண்ணீர் சுமப்பதை விட்டாள். தீர்த்தம் கொடுத்தாள். பாதாளக் கரண்டியையும் எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. கொக்கிகள் கொலுசு மணிபோல் இருப்பதால் அது அம்மனின் கொலுசு என்று முடிவாகி, கிணற்றுக்குள்ளேயே தொங்கவிட்டுப் பூப்போட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கருத்தம்மாளுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்புத் தீர்த்தம் என்று தாயே ஏற்பாடு செய்தாள்.

முதலில் முரண்டு பிடித்தது பால்தான். தெருமுனையில் ஹமீது டீக்கடை. ஹமீது ஒருநாள் கடையை விட்டு இறங்கி வந்தான்.

"யக்கா, ஒங்க சாமி எம் பால ஏத்துக்க மாட்டேங்குது. அந்தத் தண்ணிய ஊத்துனா ஒடனே திரிஞ்சு போகுது."

"நீ தண்ணி கலக்குறது ஆத்தாளுக்குப் பிடிக்கல போலிருக்கு."

"கலக்காம டீ போட நான் என்ன மில் மொதலாளியா? வெளாட்டில்லக்கா. பள்ளிவாசல் கெணத்துத் தண்ணிய ஊத்துனா திரியல. இதுல மட்டும் திரியுது."

"வாய மூடுலே. ஆத்தா காதுல விழப்போகுது" என்று அனுப்பிவிட்டாள்.

ஆனால் அன்று மத்தியானம் கருத்தம்மா சோற்றை வாயில் வைத்ததும் கண் கலங்கித் தட்டைத் தள்ளினாள். உதட்டின் உட்புறம் முழுக்கப் புண். தோல் வெள்ளையாய் உரிந்து நின்றது. வெள்ளத்தாய் அதைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த வெள்ளை. எங்கே என்று ஞாபகம் வந்தபோது, கையிலிருந்த கரண்டிச் சோறு கீழே விழுந்தது. அது அந்தக் கெண்டை மீனின் வெள்ளை.

கிணற்றடியில் ஆளில்லை. உச்சி வெயில். அவள் கொலுசைத் தொங்கவிட்டிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வழக்கமான கனம் இல்லை. மேலே வந்தது பாதாளக் கரண்டிதான். ஆனால் கொக்கிகள் ஈர்க்குச்சிபோல் இளைத்திருந்தன. சில இல்லவே இல்லை. வளையத்தைத் தொட்டதும் துருப் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. கிணற்றுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல், இரும்பைத் தின்றிருந்தது. அதே கிணற்றைத்தான் தன் மகள் குடித்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றிலிருந்து ஒரு நெடி வந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டின் நெடி. அந்த நெடி மேலக் காற்றடிக்கும் நாட்களில் தெருவுக்கே வரும். பட்டறைப் பக்கமிருந்து வரும்.

பட்டறையின் பின்பக்கம் கருவேலங்காடு. அங்கே ஒரு பாழுங்கிணறு, மழைக்காலத்தில்கூடத் தண்ணீர் ஊறாதது. வெள்ளத்தாய் முள்ளை விலக்கிக்கொண்டு போனபோது அங்கே குருவிகூடக் கத்தவில்லை. சுவரைத் துளைத்து வந்த குழாயிலிருந்து கலங்கிய நீர் பாழுங்கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறங்கியும் கிணறு நிறையவில்லை. அடியிலிருந்து உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போன தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே மலை, கிழக்கே சரிவு. பாழுங்கிணறு, பிறகு தெருக்கிணறு, அதற்கும் கீழே நகராட்சி மேல்தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் பெரிய கிணறு. மூன்றும் ஒரே ஊற்று வரிசை.

"என்ன ஆத்தா, இந்த வெயில்ல?"

ராஜரத்தினம் பின்னால் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"இது என்ன தண்ணி மொதலாளி?"

"துணி கழுவுன தண்ணி. பூமிக்குள்ள போனா எல்லாம் சுத்தமாயிரும் ஆத்தா. பூமாதேவி இல்லையா."

"எம் மக வாயெல்லாம் வெந்து கெடக்கா."

அவர் குடையை அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார். "பாவம், மாசமா இருக்கிற புள்ள. அதுக்கு வேற தண்ணி குடுங்க. எங்க வீட்டுக்கு அய்யனார் கோவில் அருவித் தண்ணி வண்டியில வருது, ரெண்டு குடம் அனுப்பி வைக்கிறேன். ஆனா வெளியில சொல்றதுக்கு முன்னால செத்த நேரம் யோசிச்சுக்கோங்க. தண்ணி கெட்டதுன்னா சாமி பொய்யின்னு ஆகும். சாமி பொய்யின்னா நீங்க யாரு? தெருவுக்கே இம்புட்டு நாளா எதைக் குடுத்தீக?"

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் பேசினார். அதனால்தான் வெள்ளத்தாய்க்கு வெயிலிலும் குளிரெடுத்தது.

மகளுக்குப் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரை ஹமீது வீட்டு அசீனா மூலம் மறைவாக வரவழைத்தாள். ஆனால் கருத்தம்மா தாய்க்குத் தெரியாமல் கிணற்றடிக்குப் போய்த் தீர்த்தம் குடித்தாள். "சாமிய நிறுத்திட்டா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்மா, நீதான சொன்ன?" என்று அழுதாள். வெள்ளத்தாய் இசக்கியம்மாளிடமும் லேசாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏட்டி, தண்ணி ஒரு மாதிரி இருக்குட்டி. குடிக்க வேண்டாம்."

"சோதிக்கிறியா ஆத்தா?" என்று இசக்கியம்மாள் காலில் விழுந்தாள். எழுந்து இன்னொரு செம்பு குடித்தாள்.

ஹமீதும் வெள்ளத்தாயும் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில், தண்ணீர் பரிசோதிக்கும் சுகாதார அலுவலகத்தில், நடுவயதுக்காரர் ஒருவர் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பாட்டிலை அசைத்துப் பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்கு. கண்ணாடி மாதிரி. எந்தக் கெணறு?"

ஹமீது சொன்னான்.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். "பொன்குடத்தம்மன் தீர்த்தமா! ஏம்ப்பா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் கை நீட்டினார்கள். வெள்ளத்தாய் "வேண்டாம்யா, வேண்டாம்யா" என்று கத்திக்கொண்டிருந்தாள். அதை அவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்தார்கள். பரிசோதனைக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹமீது மெதுவாகச் சொன்னான்: "யக்கா, நீங்க வெள்ளத்தாயாச் சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். அவிய சொன்னாத்தான் கேப்பாங்க." 'அவிய' யார் என்று அவள் கேட்கவில்லை. பஸ் ஜன்னலில் தன் முகம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. அம்மனுக்குக் கொடை விழா. உச்சிப் பூசைக்குத் தெரு நிரம்பிவிட்டது. வெள்ளத்தாய் ஒரு தீர்மானத்தோடு நின்றாள். இதுவரை எப்படியோ, இன்று பொய்யாகவே ஆடுவது. ஆடி, 'நான் மலைக்குப் போறேன், கெணத்த மூடுங்க' என்று சொல்வது. மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

உறுமி மேளம் முழங்கியது. ஆடினாள். வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்த வார்த்தை வரவில்லை. உறுமிக்காரன் தானாக நிறுத்திவிட்டான். அவளிடமிருந்து வந்த குரல் உரக்கவும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"எனக்குக் கல்லுப் பதிச்சவன் எங்க? இம்புட்டு நாளா ஊருக்கெல்லாம் தீர்த்தம் குடுத்தேன். உபயம் செஞ்சவனுக்கு மொத மரியாதை செய்யலையே. வரச் சொல்லு. மொத தீர்த்தம் அவனுக்கு."

கூட்டத்துக்கு வெட்கமாகிவிட்டது. எவ்வளவு பெரிய குற்றம்! கொடை என்றால் முதல் தீர்த்தம் உபயகாரருக்கு. அது இல்லாமல் அடுத்தவர் கைநீட்டக் கூடாது. நாலு பேர் ஓடிப்போய், மேளத்தோடு, பரிவட்டத்தோடு, ராஜரத்தினத்தையும் அவர் மனைவியையும் அழைத்து வந்தார்கள். மரியாதை செய்யக் கூப்பிட்டால் எந்த மனிதனும் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது.

தலையில் பரிவட்டம் கட்டினார்கள். வெள்ளத்தாய் அப்போதுதான் இறைத்த குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். செம்பு வெயிலில் மின்னியது. ராஜரத்தினம் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றினார். கொஞ்சத்தை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தடவிக்கொண்டார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளத்தாய் வாங்கவில்லை.

"குடி."

"இன்னைக்கு விரதம் ஆத்தா."

"தண்ணி கூடவா ஆகாத விரதம்?" கூட்டத்தில் இசக்கியம்மாள்தான் கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு தெரு முழுக்க ஒரு மனிதனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. குழந்தைகள்கூட. ராஜரத்தினத்தின் நெற்றியில் வேர்வை இறங்கிப் பரிவட்டத்தை நனைத்தது. செம்பில் தண்ணீர் தளும்பியது. சட்டையில் ஒரு துளி விழுந்தபோது அவர் சட்டென்று அதைத் துடைத்துவிட்டார். பிறகு, இத்தனை கண்களுக்கு முன்னால் வேறு வழி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு செம்பை உதட்டுக்குக் கொண்டு போனார்.

"குடிச்சிராதீங்க!"

அவர் மனைவிதான். பட்டுச்சேலை தடுக்க ஓடிவந்து செம்பைத் தட்டிவிட்டாள். "வேண்டாங்க! குடல் வெந்து போகும்னு நீங்கதான சொன்னீங்க!"

செம்பு உருண்டது. சிந்திய தண்ணீர் தெருவின் சுண்ணாம்புத் தரையில் மெல்லப் பொரிந்தது. அந்தச் சின்னச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

யாரும் ராஜரத்தினத்தை அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. பெண்கள் இடுப்பிலிருந்த குடங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். கருத்தம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ராஜரத்தினம் பரிவட்டத்தைக் கழற்ற மறந்து, அதோடேயே வீட்டுக்கு நடந்து போனார். பொழுது சாய்வதற்குள் பட்டறைக் குழாயை அவரே அடைத்தார். தெருக்காரர்கள் பாழுங்கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்தார்கள். தெருக்கிணற்றுக்கு மூடி போட்டார்கள். பெரிய கிணற்றுத் தண்ணீரில் பால் திரியவில்லை. ஹமீது தினமும் காய்ச்சிப் பார்த்துச் சொன்னான். கருத்தம்மாளுக்கு ஐப்பசியில் பெண் பிறந்தது. புண் ஆற வெகுநாள் ஆனது. தாயிடம் முகம் கொடுத்துப் பேச அதைவிட நாள் ஆனது.

வெள்ளத்தாய் மறுபடி தண்ணீர் சுமந்தாள், இந்த முறை பெரிய கிணற்றிலிருந்து. அன்றைக்கு வந்தது சாமியா, நீயா என்று கேட்டவர்களுக்கு, "தண்ணி வேணும்னா குடத்தக் குடு, கத வேணும்னா சினிமாவுக்குப் போ" என்று பதில் சொன்னாள்.

ஆனால் ஊர் விடவில்லை. ஆடிக் கொடை பெரிய கிணற்றடிக்கு மாறியது. மேற்கே சரிவில் சாயப்பட்டறை, வெளுப்புப் பட்டறை, தோல் கிடங்கு வைத்திருக்கும் எல்லா முதலாளிக்கும் வீடு தேடிப்போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். பரிவட்டம், மேளம், முதல் தீர்த்தம். ஒரு செம்பு முழுக்க. ஊரே நின்று பார்க்கும். சில முதலாளிகள் ஆடிக் கடைசியில் மதுரைக்கு அவசர வேலையாகப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை அவர்கள் வாசலில் இரண்டு பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மரியாதையை மிச்சம் வைக்கக் கூடாதாம்.

தொண்ணூறுகளின் நடுவில் சேதுபதி என்று ஓர் இளைஞர் புதிதாகச் சாயப்பட்டறை தொடங்கினார். வெளியூரில் படித்தவர். கொடைக்கு வரவில்லை. 'மூடநம்பிக்கை' என்று சொல்லி அனுப்பினார். அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

அன்று மத்தியானமே ஊர் அவர் வாசலுக்கு வந்தது. மேளம் இல்லை. ஆண்களும் பெண்களும் தெருவை அடைத்துக்கொண்டு, வெயிலில், பேசாமல் நின்றார்கள். முன்னால் வெள்ளத்தாய். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் செம்பு.

கதவு கொஞ்சம் திறந்தது. சேதுபதி எட்டிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார்.

"மொத தீர்த்தம் தம்பி" என்றாள் வெள்ளத்தாய்.

அவர் செம்பை வாங்கவில்லை. "எந்தக் கெணத்துத் தண்ணி?"

வெள்ளத்தாய் அவரையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர்கூட அசையவில்லை.

"எந்தக் கெணறா இருந்தா என்ன தம்பி? ஒனக்கு எந்தக் கெணறு ஆகாது? சொல்லு, அதைப் போய்ப் பாக்கோம்."

அவர் கதவைச் சாத்தவில்லை. சாத்த முடியவில்லை. பட்டறைக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், கழிவுக் குழாய் போகும் திசையைக் கையால் காட்டினார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கியது.